எலும்பின் இருப்பும் வரவு செலவும்

ஒரு சங்கத்தின் நிலையை அறிய ஆண்டிறுதி இருப்பை மட்டும் பார்த்தல் போதாது. வரவு செலவு நடைபெறும் விதத்தையும் நோக்க வேண்டும் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. நம் எலும்புக்கும் இவ்விரு கணக்குகள் உண்டு.

எலும்பு உயிருள்ள பொருள். பழையதைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதில் ஓயாது வேலை செய்கின்றன. முதுமையிலும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னரும், கரைவதற்கு ஈடாகக் கட்டப்படுவதில்லை. எலும்பு மெலிவதால் வலி தோன்றுவதில்லை. ஆகையால், சிறிது வழுக்கி விழுந்து இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

இருப்பைக் காட்டுவது டெக்ஸா என்னும் கதிர்ப் பரிசோதனை. அதில் 'டி' மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் எலும்புப்புரை என்பர். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு.

வரவு செலவைக் காட்டுவது இரத்தப் பரிசோதனை. சி.டி.எக்ஸ். என்பது கரையும் வேகத்தையும், பி.1.என்.பி. என்பது கட்டப்படும் வேகத்தையும் தெரிவிக்கும். உணவு உண்டால் சி.டி.எக்ஸ். அளவு குறையுமாதலின், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தல் வேண்டும். அண்மையில் எலும்பு முறிந்திருப்பின் அளவுகள் உயர்ந்து காணும். அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்வதில்லை. மருந்து பலன் தருகிறதா என்பதை 3 முதல் 6 மாதங்களில் காட்டுவதே இதன் பெரும் பயன். அடர்த்தியில் மாற்றம் தெரிய ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும்.

சிகிச்சையில் முதலாவது, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் குறைவுபடாதிருத்தல். கேழ்வரகும் பாலும் நன்று. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்வோர் சிறிது நேரமேனும் வெயிலில் நடத்தல் வேண்டும்.

மருந்துகள் இருவகை. கரைவதைத் தடுப்பவை ஒருவகை: வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், 6 மாதத்திற்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியன. மாத்திரையை அதிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் உண்ணாமலும் படுக்காமலும் இருத்தல் அவசியம். புதிய எலும்பைக் கட்டத் தூண்டுவது மற்றொரு வகை. நாள்தோறும் போடும் டெரிபாரடைடு ஊசி அத்தகையது. எவருக்கு எது தகும் என்பதை வயது, முறிவு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைக் கண்டு மருத்துவரே முடிவு செய்வார்.

உடம்பில் மாறுதல் எதுவும் தெரியவில்லையென்று மருந்தைத் தாமே நிறுத்துவோர் உளர். இது பெருந்தவறு. குறிப்பாக, டெனோசுமாப் ஊசியின் தவணை தவறினால் எலும்பு விரைந்து கரைந்து முதுகெலும்பு முறியவும் கூடும். கடன் தவணையைத் தவறாது செலுத்தும் அங்கத்தினர்கள் இத்தவணையையும் அவ்வாறே காத்தல் வேண்டும். ஐம்பதைக் கடந்தபின் சிறு விழுதலில் எலும்பு முறிந்தவர்கள், கட்டு அவிழ்ந்ததோடு நில்லாது, எலும்பின் அடர்த்தியையும் பரிசோதித்துக் கொள்வார்களாக.