நந்தாதேவிப் பள்ளத்தாக்கும் அதன் காவலும்

உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், கஞ்சன்ஜங்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது உயர்ந்த சிகரமான நந்தாதேவி அமைந்துள்ளது. அதன் உயரம் 7,816 மீட்டர். இச்சிகரத்தைச் சுற்றிலும் 6,000 முதல் 7,500 மீட்டர் வரை உயர்ந்த மலைகள் கோட்டை மதில்போல் வளைந்து நிற்கின்றன. மதிலுக்கு உட்பட்ட பனியாறுகளின் நீர் முழுவதும் ரிஷி கங்கை என்னும் ஆறாகத் திரண்டு, மேற்குப் புறத்திலுள்ள ஒரே மலையிடுக்கின் வழியாக வெளியேறுகின்றது. ரைணி கிராமத்தின் அருகே அது தௌலி கங்கையுடன் கலக்கின்றது. ஆறு வெளியேறும் இவ்விடுக்கே பள்ளத்தாக்கின் வாயிலும் ஆகும்.

இயற்கை இட்ட தாழ்

வாயில் என்று கூறினும் அது எளிதில் நுழையத்தக்கதன்று. லாதா கிராமத்திலிருந்து புறப்படுவோர் முதலில் செங்குத்தான காட்டுவழியே லாதா கரக் என்னும் மேய்ச்சல் வெளியை அடைதல் வேண்டும். பின்னர் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட தரான்சிக் கணவாயைக் கடந்து, திப்ருகேத்தா என்னும் புல்வெளிக்கு இறங்க வேண்டும். அதற்கப்பால் பாதை என்று சொல்லத்தக்கது இல்லை. வழவழப்பான பாறைச் சரிவுகளும், கீழே இரைந்தோடும் ஆறுமே எஞ்சும். 1883-ஆம் ஆண்டு முதல் பலர் உள்ளே புக முயன்று திரும்பினர். 1934-இல் எரிக் ஷிப்டன், டில்மன் என்னும் இருவரும், ஷெர்ப்பாக்கள் மூவரும் முதன்முதலாக அவ்விடுக்கைக் கடந்து உட்பள்ளத்தாக்கை அடைந்தனர். 1936-இல் டில்மனும் ஓடெலும் சிகரத்தின் உச்சியை எட்டினர். 1939-இல் இப்பிரதேசம் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இடுக்கின் ஈரமான சரிவுகளில் தேவதாரு இனத்தைச் சேர்ந்த பிர் மரங்களும், முற்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பட்டையையுடைய பூர்ஜ மரங்களும், ரோடோடெண்ட்ரான் புதர்களும் வளர்கின்றன. உட்பகுதி வறட்சி மிக்கது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பனியால் மூடப்பட்டிருப்பது. அங்கு மரங்கள் அருகி, ஜூனிப்பர் என்னும் குட்டைப் புதரும் புல்லுமே நிலத்தைப் பிணைத்து நிற்கின்றன. பரல் எனப்படும் நீல ஆடும், கஸ்தூரி மானும், பனிச்சிறுத்தையும் இங்கு வாழ்கின்றன.

தாழ் திறந்ததன் விளைவு

1974-இல் வெளிநாட்டு மலையேறும் குழுக்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் குழுக்கள் வந்தன. ஒவ்வொரு குழுவுடனும் சுமையாட்கள் பலர் சென்றனர். சில குழுக்கள் ஆடுகளின் முதுகிலும் மாவு மூட்டைகளை ஏற்றிச் சென்றன. உணவு சமைப்பதற்கும் குளிர் காய்வதற்கும் விறகு தேவைப்பட்டது. கைக்கெட்டிய ஜூனிப்பரும் பூர்ஜமும் வெட்டப்பட்டன. குளிரும் வறட்சியும் மிகுந்த அவ்வுயரத்தில் வளர்ச்சிக்காலம் சில மாதங்களே. பல்லாண்டுகள் வளர்ந்த புதர் ஓரிரவின் அடுப்பில் முடிந்தது. புதர் நீங்கிய சரிவில் மண் அரித்தது. தகரப் பெட்டிகளும் பிற கழிவுகளும் முகாம்களில் குவிந்தன. கடுங்குளிரில் இவை மக்குவதில்லை. திருட்டு வேட்டையும் நிகழ்ந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வந்தவருள் பெரும்பாலோர் இயற்கையை நேசித்தவரே. தீங்கு எண்ணத்தால் விளைந்ததன்று, எண்ணிக்கையால் விளைந்தது. ஐவர் தங்கிய இடத்தில் அடுத்த ஆண்டு புல் தளிர்க்கும். ஐந்நூறு பேர் தங்கிய இடத்தில் தளிர்ப்பதில்லை. ஒரு நிலம் பழுதுறாமல் ஏற்கத்தக்க இவ்வளவையே தாங்குதிறன் என்பர்.

மனிதர் இட்ட தாழ்

1982-இல் ஏறத்தாழ 630 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பிரதேசம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1983-இல் மலையேறுவோர்க்கும் மேய்ச்சலுக்கும் அது மூடப்பட்டது. 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1993-இலும் 2003-இலும் விஞ்ஞானிகள் அடங்கிய குழுக்கள் உட்சென்று ஆராய்ந்தன. தாவரங்கள் மீண்டும் தழைத்து வருவதை அவர்கள் கண்டனர். 1993-ஆம் ஆண்டுக் குழு பழைய முகாம்களின் குப்பைகளையும் சுமந்து அகற்றியது.

ஆயினும் இந்நன்மையின் விலையை வேறொருவர் செலுத்தினர். லாதா, தோல்மா, ரைணி முதலிய கிராமங்களில் வாழும் போட்டியா மக்கள் கோடையில் ஆடுகளை மேய்த்த புல்வெளிகளை இழந்தனர். சுமை தூக்கியும் வழி காட்டியும் பெற்ற கூலியையும் இழந்தனர். காட்டின் மதிப்பை அறியாதவர் அல்லர் இவர்கள். 1974 மார்ச் 26 அன்று, கௌரா தேவியின் தலைமையில் ரைணிப் பெண்கள் மரங்களைக் காத்து நின்று, வெட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பியது சிப்கோ இயக்கத்தின் சிறந்த நிகழ்ச்சியாகும். காத்தவரே வெளியேற்றப்பட்டதாக அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. 2001 அக்டோபரில் இக்கிராம மக்கள் பிரகடனம் ஒன்றை வெளியிட்டு, பாதுகாப்பிலும் சுற்றுலாவின் பயனிலும் தமக்குரிய பங்கை வலியுறுத்தினர். 2003-இல் பூங்காவின் வெளிப்பகுதியில் மட்டும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையினருக்கு வழி திறக்கப்பட்டது.

பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

இதனின்று பெறத்தக்க படிப்பினை இரண்டு. முதலாவது, அரிய இடத்தைப் பார்க்கச் செல்வதே அவ்விடத்திற்குச் சுமையாகலாம். ஆதலின் எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், எங்கே முகாம், கழிவு எவ்வாறு திரும்பும் என்பன புறப்படுமுன்பே முடிவு செய்யப்படல் வேண்டும். இரண்டாவது, வாயிலில் வாழும் மக்களின் பிழைப்பை எண்ணாமல் இடும் தாழ் நெடுநாள் நிலைக்காது. களப்பணியாளர் தம் பகுதியில் ஒரு காட்டை மூட நேருமாயின், அக்காட்டினால் வாழும் குடும்பங்களின் கணக்கையும் உடன் எடுத்தல் நலம்.

ஆசிரியர்கள் தாங்குதிறனைப் பள்ளி வளாகத்திலேயே விளக்கலாம். ஒரு மீட்டர் சதுரமான மூன்று புல்தரைகளைக் கயிற்றால் வரையறுக்கவும். முதலாவதில் எவரும் நடவாதிருக்கட்டும். இரண்டாவதில் நாளொன்றுக்கு ஐந்து மாணவர்களும், மூன்றாவதில் ஐம்பது மாணவர்களும் நடக்கட்டும். வாரந்தோறும் புல்லின் உயரத்தையும், வெறும் மண்ணின் பரப்பையும் குறித்து வரவும். ஒரு மாதம் கழிந்தபின் மூன்றாவது தரையையும் நடவாது விட்டு, அது பழைய நிலையை எய்த எத்தனை வாரங்கள் ஆகின்றன எனக் காணவும். சமவெளியில் வாரங்களில் ஆறும் புண், பனிமலையில் ஆற ஆண்டுகள் பல ஆகும் என்பதை மாணவர்கள் தாமே உணர்வர்.