பொதுக் கம்ப்யூட்டரில் "ஆர்" கணக்கு நின்றுவிட்டால்

நம் கடைகளிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக் கழகங்களில் பொருளாதாரம், மருத்துவம் முதலிய துறைகளில் ஆராய்ச்சி செய்து வருகின்றனர். "அத்தா, கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு பாதியில் நின்றுவிட்டது, கட்டுரை கொடுக்க ஒரு வாரந்தான் இருக்கிறது" என்று பிள்ளை சொல்லும்போது நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். தந்தையர் படித்தபின் பிள்ளைகளிடம் கொடுப்பார்களாக.

"ஆர்" என்பது புள்ளிவிவரக் கணக்குகளுக்கென்று ஏற்பட்ட கம்ப்யூட்டர் மொழி. நியூஜிலாந்து தேசத்து ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். இதன் 1.0.0 பதிப்பு 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி வெளிவந்தது. இதற்கு விலை கிடையாது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அடங்காத பெரிய கணக்குகளுக்காகப் பல்கலைக் கழகங்கள் பல யந்திரங்களை ஒன்றாக இணைத்து வைத்திருக்கின்றன. இதற்குக் "கிளஸ்டர்" என்று பெயர். இது பலருக்கும் பொதுவானது. "எனக்கு இவ்வளவு நினைவிடம், இத்தனை கோர், இவ்வளவு நேரம் வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், வரிசைப்படி இடம் கிடைக்கும். கோர் என்பது யந்திரத்தினுள் கணக்குப் போடும் ஓர் ஆள் போன்றது. வரிசையை நடத்துவதற்குப் பல இடங்களில் "ஸ்லர்ம்" என்ற ஏற்பாடு இருக்கிறது.

வீட்டில் சரியாக ஓடிய கணக்கு இங்கே நின்றுவிட்டால், மாணவர் உடனே தம் கணக்கைத் திருத்தப் புகுந்துவிடுகிறார். இது தவறு. பெரும்பாலும் கோளாறு கணக்கில் இல்லை. அது ஓடுகிற இடத்தில் இருக்கிறது. ஆகவே, கணக்கில் கை வைக்குமுன் கீழ்க்கண்ட ஐந்தையும் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, எந்த யந்திரத்தில் ஓடுகிறது? கிளஸ்டருக்குள் நுழைந்தவுடன் நாம் நிற்பது "லாகின்" யந்திரம். அது கடை வாசல் போன்றது. சீட்டு எழுதவும் பைல்களைச் சரிபார்க்கவும் மட்டுமே அவ்விடம். அங்கேயே பெரிய கணக்கை ஓட்டினால் உள்ளே வரும் அத்தனை பேருக்கும் வழி அடைபடும்; நிர்வாகிகள் அதை நிறுத்தியும் விடுவார்கள்.

இரண்டாவது, எந்த "ஆர்"? ஒரே கிளஸ்டரில் பல பதிப்புகள் இருக்கும். "ஆர்" மொழிக்குத் துணையான பேக்கேஜ்கள் பதிப்புக்கு ஒரு தனி அறையில் வைக்கப்படுகின்றன. 4.2-ல் நிறுவியவை, 4.3-க்கு மாறியதும் கண்ணில் படா. "அப்படியொரு பேக்கேஜ் இல்லை" என்று செய்தி வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். புதிய பதிப்பில் மீண்டும் நிறுவினால் தீரும். பொது அறையில் எழுத மாணவருக்கு அனுமதி இராது. தம் சொந்த அறையிலே நிறுவ வேண்டும். "செஷன்இன்ஃபோ" என்ற கட்டளை பதிப்பையும் பேக்கேஜ்களையும் காட்டும். "லிப்பாத்ஸ்" என்ற கட்டளை அறை எதுவென்று காட்டும். வாசலிலும் உள்ளேயும் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

மூன்றாவது, நினைவிடம் போதுமா? "ஆர்" பொதுவாகச் சரக்கு முழுவதையும் நினைவிடத்தில் ஏற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். ஒரு தசம எண்ணுக்கு 8 பைட் இடம் வேண்டும். பத்துக் கோடி எண்களுக்கு 80 கோடி பைட். அந்த எண்களை மாற்றும்போது "ஆர்" பல சமயம் இன்னொரு பிரதியும் எடுக்கும், தேவை இரட்டிப்பாகும். கேட்டு வாங்கிய அளவை மீறினால் கிளஸ்டர் அந்த வேலையைத் தயவின்றி நிறுத்திவிடும். அப்போது "ஆர்" ஒரு காரணமும் சொல்லாமல், "கில்டு" என்ற ஒரு சொல்லே எஞ்சி நிற்கலாம். அதைக் கண்டால் முதலில் நினைவிடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, எத்தனை கோர்? யந்திரத்தில் 64 கோர் இருக்கலாம். நமக்கு ஒதுக்கியது நான்கே. "டிடெக்ட்கோர்ஸ்" என்ற கட்டளை யந்திரத்திலுள்ள மொத்தத்தையே சொல்லும். அதை நம்பி 64 வேலைகளைத் தொடங்கினால், நான்கு பேர் அமரும் பலகையில் 64 பேர் நெருக்கியடித்த கதையாகும். கணக்கு விரைவதற்குப் பதில் மந்தமாகும், நினைவிடமும் தீரும். "பேரலலி" பேக்கேஜிலுள்ள "அவைலபிள்கோர்ஸ்" என்ற கட்டளை நமக்கு ஒதுக்கியதை அறிந்து சொல்லும்.

ஐந்தாவது, ஓடி முடிந்தும் விடை பிழையா? இதுவே மிக ஆபத்தானது. ஏனெனில் யாரும் எச்சரிப்பதில்லை. 2019-ல் வந்த 3.6.0 பதிப்பில் "சாம்பிள்" என்ற கட்டளை குலுக்கல் எடுக்கும் முறை மாறியது. பழைய "சீட்" எண்ணைக் கொடுத்தாலும் பழைய விடை வராது. 2020-ல் வந்த 4.0.0 பதிப்பில், அட்டவணையிலுள்ள சொற்களைத் தானாகவே வகைகளாக மாற்றும் பழக்கம் நிறுத்தப்பட்டது. மேலும், முன்பு சேமித்த "ஆர்டேட்டா" பைலைச் சில வேளை "ஆர்" சத்தமின்றித் திறந்துகொள்ளும். நேற்றைய மிச்சம் இன்றைய கணக்கில் கலந்துவிடும். "வெனில்லா" என்ற குறிப்புடன் ஓட்டினால் இக்கலப்பு நேராது.

நிற்க. ஐந்தையும் பார்த்தும் கோளாறு தெரியவில்லையானால், பத்து லட்சம் வரிகளுள்ள சரக்கில் ஆயிரம் வரிகளை எடுத்து ஓட்டுக. சிறியது ஓடிப் பெரியது நின்றால் நினைவிடமோ நேரமோதான் குறை. சிறியதும் நின்றால், பிழைச் செய்திகளில் கடைசியை விட்டு முதலாவதைப் படிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. நீண்ட கணக்குகளில் இடையிடையே "சேவ்ஆர்டிஎஸ்" கட்டளையால் பலனைச் சேமித்தால், நேரம் முடிந்து வேலை நின்றாலும் உழைப்பு வீணாகாது.

நிர்வாகிக்கு எழுதும்போது "ஓடவில்லை" என்று மட்டும் எழுதலாகாது. வேலையின் எண், முதல் பிழைச் செய்தி, "செஷன்இன்ஃபோ" தந்த விவரம், கேட்டு வாங்கிய நினைவிடமும் நேரமும் ஆகியவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். பில் இல்லாமல் சரக்கைத் திருப்ப வந்தவருக்கு நாம் என்ன பதில் சொல்வோமோ, அதுவே அவருக்கும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. பயந்து தேவைக்குப் பத்து மடங்கு நினைவிடம் கேட்பவர் வரிசையில் தாமே நெடுநேரம் காத்திருப்பார். இடம் கிடைத்தபின் பிறரையும் காக்க வைப்பார். ஒரு வேலை முடிந்ததும் "எஸ்அக்ட்" என்ற ஸ்லர்ம் கட்டளையால் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்து, அதற்குச் சற்று மேலாக அடுத்த தடவை கேட்பதே முறை. நம் பிள்ளைக்கு ஒரு வாரந்தான் இருக்கிறது என்றால், வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கும் ஒரு நாள்தான் மீதமிருக்கலாம். பொதுத் தராசில் நிறுப்பவர் தம் பின்னால் நிற்பவரையும் நினைக்க வேண்டும்.