இன்வெர்ட்டரா, யு.பி.எஸ்.ஸா? கடைக்குப் போகும் முன் போடவேண்டிய ஒரு சின்னக் கணக்கு

முன்பெல்லாம் கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும்தான் நிற்கும். இப்போ அப்படி இல்லை. வைஃபை போனால் ஆன்லைன் தேர்வு பாதியில் நிற்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மீட்டிங் அறுந்துபோகிறது. மருத்துவக் கருவி வைத்திருக்கும் வீட்டில் ஒவ்வொரு மின்தடையும் பதற்றம்தான்.

சரி, ஒரு பேட்டரி பேக்கப் வாங்கிடலாம் என்று கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ரூம் சார்?" என்பதுதான். ஆனால் ரூம் கரண்ட் இழுப்பதில்லை, பொருள்தான் இழுக்கிறது. ரூம் எண்ணிக்கையை நம்பி வாங்கினால் தேவைக்கு மேல் செலவாகும், இல்லையென்றால் அவசரத்துக்கு உதவாமல் போகும். நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டியது இரண்டே பதில்கள்: எதெல்லாம் ஓடணும்? எவ்வளவு நேரம் ஓடணும்?

மூன்று பெட்டிகள், மூன்று வேலைகள்

1. மினி யு.பி.எஸ்.: வைஃபை ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மட்டும். கையடக்கமாக, உள்ளே லித்தியம் பேட்டரியோடு வரும். உங்கள் தேவை நெட் மட்டும்தான் என்றால் இதுவே போதும், பெரிய இன்வெர்ட்டர் வேண்டாம்.

2. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.: டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கானது. 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏ.எச். அளவுள்ள சிறிய பேட்டரிதான் இருக்கும். ஒரு டெஸ்க்டாப்பை சுமார் 10 முதல் 20 நிமிடம் தாங்கும். வேலையைச் சேமித்துவிட்டு முறையாக ஆஃப் செய்வதற்கான நேரம் அது. "ரெண்டு மணி நேரம் ஓடும்னு நினைச்சேன்" என்ற ஏமாற்றம் பலருக்கும் இங்கேதான் வருகிறது.

3. வீட்டு இன்வெர்ட்டர்: ஃபேன், லைட், டி.வி., லேப்டாப் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் ஓட்ட. இதில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனித்தனிப் பொருட்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

மினி யு.பி.எஸ். வாங்கும்போது

ரூட்டரின் அடாப்டரில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும்; மாறினால் ரூட்டர் பழுதாகலாம். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

பெட்டியில் 8,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அந்த அளவு பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 8 × 3.7 = 29.6 வாட்-ஹவர். இழப்பு போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 25. ரூட்டர் 10 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம் வரும்.

எவ்வளவு நேரம் வேண்டும்?

உங்கள் பகுதியில் கரண்ட் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பராமரிப்புக்கான மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். சென்னையில் பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் இந்த அறிவிப்பைப் போனிலேயே பார்க்கலாம். எதிர்பாராத தடை என்றால் மின்னகம் எண் 94987 94987-ல் 24 மணி நேரமும் புகார் தெரிவிக்கலாம்.

அவ்வப்போது அரை மணி நேரம் போகும் இடத்துக்கும், மாதம் ஒருமுறை ஐந்து மணி நேரம் போகும் இடத்துக்கும் ஒரே பேட்டரி சரிவராது. 2018 கஜா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலைக்கு வீட்டுப் பேட்டரி மட்டும் ஈடுகொடுக்காது. அதுபோன்ற நாட்களுக்கு போனும் ஒரு லைட்டும் ஓடினால் போதும் என்று சிக்கனமாகத் திட்டமிடுவதுதான் நல்லது.

இப்போ கணக்கு

ஒரு பேப்பர் எடுங்கள், இல்லை போனில் நோட்ஸ் திறங்கள். ஒரு சராசரி வீட்டின் பட்டியல் இது:

ஃபேன் 2 (தலா 75 வாட்): 150
எல்.இ.டி. பல்பு 4 (தலா 9 வாட்): 36
ரூட்டரும் ஃபைபர் பெட்டியும்: 15
லேப்டாப்: 65
32 இன்ச் எல்.இ.டி. டி.வி.: 50
மொத்தம்: 316 வாட்

இன்வெர்ட்டர் அளவு: கடையில் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். வாட்டும் வி.ஏ.வும் ஒன்றல்ல. 316-ஐ 0.7-ஆல் வகுத்தால் சுமார் 450 வி.ஏ. கால் பங்கு கூடுதலாகச் சேர்த்தால் 565. ஆகவே 700 முதல் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் போதுமானது. பெட்டியில் வி.ஏ.வோடு வாட் அளவும் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பேட்டரி அளவு: மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 316 × 3 = 948 வாட்-ஹவர். இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பாகும். லெட் ஆசிட் பேட்டரியை முழுவதும் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும், எனவே 80 சதவீதம்தான் பயன்படுத்த வேண்டும். கணக்கு இப்படி:

948 ÷ (12 × 0.8 × 0.8) = சுமார் 123 ஏ.எச்.

இதற்கு 150 ஏ.எச். பேட்டரி வாங்கலாம். 125 போதாதா என்றால், பேட்டரி மேல் எழுதியிருக்கும் சி20 என்பதைக் கவனியுங்கள். 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால்தான் அந்த அளவு முழுசாகக் கிடைக்கும். மூன்று மணி நேரத்தில் வேகமாக இறக்கும்போது குறைவாகவே வரும். பேட்டரி பழசாக ஆகக் கொள்ளளவும் குறையும். அதே ஏ.எச். அளவு சி10 என்ற குறிப்போடு இருந்தால், அது சி20 பேட்டரியைவிட வலுவானது.

இன்னொரு விஷயம். அந்த இரண்டு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்தம் 226 வாட்டாகக் குறைகிறது. தேவைப்படும் பேட்டரி 123-லிருந்து சுமார் 88 ஏ.எச். ஆகிவிடும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தை ஃபேனுக்குக் கொடுத்தால், கரண்ட் இருக்கும் நாட்களிலும் யூனிட் மிச்சமாகும்.

ஃப்ரிட்ஜ், ஏ.சி., மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

சைன் வேவ், லித்தியம்: கேட்க வேண்டியவை

விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் "ங்ங்" என்று இரையும், சூடாகும். எலக்ட்ரானிக் பொருட்கள் இருக்கும் வீட்டுக்கு ப்யூர் சைன் வேவ்தான் சரி.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும், டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் பகுதியில் இந்த மோடில் இன்வெர்ட்டர் தொட்டதற்கெல்லாம் பேட்டரிக்குத் தாவும். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவருக்கு நார்மல் மோடே போதும்.

ட்யூபுலர் பேட்டரி விலை குறைவு, ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குத் தண்ணீர் தேவையில்லை, எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம். பழைய இன்வெர்ட்டரோடு லித்தியம் சேர்க்கும் முன் அது லித்தியம் சார்ஜிங்குக்கு ஏற்றதா என்று உறுதி செய்யுங்கள்.

மருத்துவக் கருவி உள்ள வீடுகள்

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், சி-பாப் போன்றவற்றுக்கு மேலே சொன்ன சராசரி அளவு பொருந்தாது. கருவியின் லேபிளில் உள்ள வாட்டை எடுத்து, அதற்கு மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேலும் இழுக்கலாம். ஒரு வீட்டின் ஃபேன், லைட், டி.வி. எல்லாம் சேர்ந்த அளவு அது! டி.வி.யும் அதே பேட்டரியில் ஓடினால் நோயாளியின் நேரம்தான் குறைகிறது. பேட்டரியை மட்டும் நம்பாமல், மாற்று சிலிண்டர் வைத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

எங்கே வைப்பது?

லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம். மூடிய அலமாரியும் வேண்டாம். மழைநீர் புகும் பகுதியானால் தரையில் வைக்காமல், எடை தாங்கும் உயரமான மேடையில் வையுங்கள். தண்ணீர் அளவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றக் கூடாது. வயரிங் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே கொடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

• 10 கே.வி.ஏ. வரையிலான யு.பி.எஸ்., இன்வெர்ட்டர்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பொருளில் உள்ள ஆர்- எனத் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள்.
• பேட்டரியின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் கடையில் கிடந்தது வேண்டாம்.
• "60 மாத வாரண்டி" என்றால், அதில் இலவசமாக மாற்றித்தருவது எத்தனை மாதம், மீதி மாதங்களில் தள்ளுபடி மட்டும்தானா என்று கேளுங்கள்.
• ஜி.எஸ்.டி. பில், வாரண்டி கார்டு இரண்டையும் அங்கேயே போட்டோ எடுத்து வையுங்கள்.
• பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி அதைத் தனியாகப் பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது நம் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழிவு கேட்கலாம்.

வாங்கிய பின் சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு ஆதாரம் அந்த பில்தான், பத்திரம்!