பி.இ. முடிச்சுட்டு லைப்ரரி சயின்ஸா? முதல்ல ஒரு அலமாரியைப் பிடிங்க

கோடிங் வரும், ஆனால் ஐ.டி. கம்பெனி ஆசை இல்லை. புத்தகமும் தகவலும்தான் இழுக்குது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் முடித்தவரும் நூலகவியலில் சேரலாம். ஆனா வீட்ல சொன்னா, "நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது புத்தகம் அடுக்கவா?"னு கேப்பாங்க. நேர்காணலிலும் இதே கேள்வி கொஞ்சம் மரியாதையா வரும். அதுக்கு வாயால பதில் சொல்றதைவிட, செய்து வைத்த வேலையைக் காட்டுங்க. அதுதான் போர்ட்ஃபோலியோ.

துறை மாறி வந்த முதல் ஆள் நீங்க இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தவர், அதே துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டுவது போலப் பாடங்களையும் பகுக்கலாமே என்று யோசித்தார். 1933ல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. நம்ம பாஷையில் மாடுலர் டிசைன்.

சர்டிபிகேட் பி.டி.எஃப்.களை ஒரு டிரைவ் ஃபோல்டரில் கொட்டி லிங்க் அனுப்பினா அது போர்ட்ஃபோலியோ ஆகாது. அமெரிக்காவில் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலை மாணவர்கள் படிப்பின் முடிவில் இ-போர்ட்ஃபோலியோ கொடுக்கலாம். ஒவ்வொரு திறனுக்கும் தான் செய்த ஒரு வேலையைச் சான்றாக வைத்து, அது எப்படி அந்தத் திறனைக் காட்டுது என்று விளக்கணும். நமக்கும் இந்த முறை போதும்.

சரி, வேலைக்கு எங்க போறது? புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்கப் போங்க. பட்டியல் போடுறதுக்கு, பட்டியலே இல்லாத இடத்தைத் தேடுங்க. மேலூர், உசிலம்பட்டி பக்கம் உங்க ஊர்ப் படிப்பகம், பள்ளிக்கூட அலமாரி, தாத்தாவின் டிரங்குப் பெட்டி, எதுவானாலும் சரி. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கு. புத்தகம் மட்டுமில்லை, நாடக நோட்டீஸ்கூடச் சேர்த்து வெச்சார்.

பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, 50 நூல்களை எடுங்க. கோஹா இலவச மென்பொருள், லேப்டாப்பிலேயே ஓடும். மார்க் முறையில் 100ல் ஆசிரியர், 245ல் தலைப்பு. ரெண்டு நாள்ல பழகிடும். அப்புறம்தான் சிக்கல் ஆரம்பிக்கும். அதுதான் உங்களுக்கு வேணும்.

சுஜாதா நாவலை எந்தப் பெயரில் போடுவீங்க? அட்டையில் சுஜாதா, நிஜப்பெயர் எஸ். ரங்கராஜன் (அவரும் இன்ஜினியர்தான்). வாசகர் சுஜாதான்னுதான் தேடுவார். அதனால் அதைத் தலைப்பெயராக வைத்து, ரங்கராஜன்னு தேடினாலும் அங்கே கொண்டுபோய் விடுற மாதிரி ஒரு குறிப்பு போடணும். இந்த முடிவை ஏன் எடுத்தீங்கன்னு அரைப்பக்கம் எழுதினா, அதுவே ஒரு சான்று.

அடுத்தது நம்ம ஏரியா. 'பொறியியல்'னு தேடினா புத்தகம் அலமாரியில் இருந்தும் 'முடிவு இல்லை'ன்னு வரலாம். காரணம், யூனிகோடில் 'பொ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: 'ப'வும் ஒரே 'ொ' குறியும், அல்லது 'ப', 'ெ', 'ா' என்று மூன்று. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. பைத்தானில் யூனிகோட்டேட்டாவை எடுத்து எல்லாத்தையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினா சரியாகிடும். நாலு வரி கோடு. மாற்றும் முன் எத்தனை தேடல் தவறியது, பின் எத்தனை கிடைத்தது என்று எண்ணி அட்டவணை போடுங்க. "இன்ஜினியருக்கு இங்க என்ன வேலை?"ங்கறதுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன். யு.ஜி.சி. நெட் தேர்வுக்கு போர்ட்ஃபோலியோ பத்து பைசாவுக்கு உதவாது, அங்கே மதிப்பெண்தான். டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிக்கும் முதல்ல எழுத்துத் தேர்வைத் தாண்டணும். டிஜிட்டல் காப்பகம், தனியார் கல்லூரி, வெளிநாட்டு விண்ணப்பம் இங்கெல்லாம்தான் இதைத் திறந்து பார்ப்பாங்க. ரெண்டுக்கும் சேர்த்தே தயாராகுங்க.

மூணு வேலை போதும், பத்து வேண்டாம். முடிச்சதும் பட்டியலை பிரிண்ட் எடுத்து அந்தப் படிப்பகத்துக்கே கொடுத்துடுங்க. செமஸ்டர் லீவு வருது, அதுக்குள்ள அலமாரியைப் பாத்து வெச்சுக்குங்க.