பேட்டரியை மாற்றுமுன் மூன்று அளவீடுகள்



புலாவ் செபாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். வெட்டிய குலைகள் பாதையோரம் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஏற்றிச் செல்ல வேண்டிய பழைய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வருகிறது. குலைகள் காத்திருக்க மாட்டா. வெட்டிய பழத்தில் நேரம் ஆக ஆகத் தனிக் கொழுப்பு அமிலம் கூடும். எண்ணெயின் தரம் குறையும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

"பேட்டரி போச்சு, புதுசு வாங்கிப் போடு" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. சில நூறு ரிங்கிட் கொடுத்து மாற்றுகிறார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே 'டக்'. கோளாறு வேறோர் இடத்தில் இருந்திருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், நீங்கள் பள்ளியில் படிக்கும் ஓம் விதியும் போதும்.

நேற்று ஓடியது சாட்சி ஆகாது

"நேற்று முழுக்க நன்றாகத்தானே ஓடியது!" என்று ஓட்டுநர் சொல்லலாம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே டீசல் தீப்பிடிக்கிறது. 1964-இல் வெளிவந்த மாஸ்ஸி பெர்குசன் 135 போன்ற பழைய வண்டிகளில் எரிபொருள் பம்பும் இயந்திர விசையால் இயங்குவதுதான். ஆகவே ஒருமுறை கிளம்பிவிட்டால், மின்சாரமே இல்லாமல் நாள் முழுவதும் ஓடும். டைனமோ பழுதாகிப் பேட்டரி ஏறாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரியும்.

முதலில் பாதுகாப்பு

பேட்டரி ஏறும்போது அதிலுள்ள நீர் சிறிது பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தாலே பொறி பட்டால் வெடிக்கலாம். அருகில் சிகரெட், தீக்குச்சி கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். அமிலம் மேலே பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் கழுவியபின் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்து வண்டியைக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி கியரில் இருந்தால், தரையில் நிற்பவர் மேலேயே அது ஏறிவிடும். பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கீழே வரும் சோதனைகளையும் வண்டி நியூட்ரலில் இருக்க, பிரேக் போட்டு, அனுபவமுள்ள பெரியவர் இருக்கையில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். மீட்டரின் கம்பிகள் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

மூன்று அளவீடுகள்

முதல் அளவீடு, வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது. ஈய அமிலப் பேட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். எனவே நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதியளவுதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம்; ஏற்றிவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு ஏற்றினாலும் ஏறாது.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது. நிறுத்தும் குமிழை இழுத்து வைத்தால் இயந்திரம் கிளம்பாமல் சுற்ற மட்டும் செய்யும். அப்போது பேட்டரியின் ஈய முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் மீது சந்தேகம் கொள்ளலாம். முனைகளில் 11 வோல்ட் இருந்து, ஸ்டார்ட்டரில் 8 மட்டுமே வந்தால், பேட்டரி நல்லது. வழியில் எங்கோ 3 வோல்ட் தொலைகிறது.

மூன்றாவது, வண்டி நடுத்தர வேகத்தில் ஓடும்போது. மீட்டர் 13.8 முதல் 14.4 வரை ஏறினால் மின்னேற்றம் நடக்கிறது. 12.6-ஐத் தாண்டவில்லை என்றால் நடக்கவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்துக் கெடும்.

அந்த 3 வோல்ட் எங்கே போனது?

ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரி 12 வோல்ட், சுற்றின் மொத்தத் தடை 0.06 ஓம் என்று வையுங்கள். மின்னோட்டம் 12-ஐ 0.06-ஆல் வகுத்தால் 200 ஆம்பியர். ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றும். இப்போது பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் படிவு 0.02 ஓம் தடையைச் சேர்க்கிறது. மொத்தம் 0.08 ஓம், மின்னோட்டம் 150 ஆம்பியராகக் குறைகிறது. அந்தப் படிவில் மட்டும் 150 பெருக்கல் 0.02, அதாவது 3 வோல்ட் இழப்பு. அங்கே வெப்பமாக வீணாகும் திறன் 450 வாட். முனை கை சுடுவது இதனால்தான்.

அதே படிவின் வழியாக 3 ஆம்பியர் இழுக்கும் முன்விளக்கு எரிந்தால் இழப்பு 0.06 வோல்ட் மட்டுமே. விளக்கு பளிச்சென்று எரியும்; ஸ்டார்ட்டர் 'டக்' என்று நிற்கும். தேய்ந்த பேட்டரிக்குள்ளும் இதே கதைதான். நீங்கள் படிக்கும் அகத்தடை அங்கே கூடிவிடுகிறது.

தீர்வு மலிவானது. கம்பிகளைக் கழற்றி, முனைகளைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, தேய்த்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் 'எர்த்' கம்பியையும் மறக்காதீர்கள். துருவும் சாயமும் அங்கேயும் தடைதான்.

கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் உடலில் பட்டாலும் குறுக்குச்சுற்று நேராது. ஆனால் அக்காலப் பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் சிலவற்றை மாற்றியும் இருப்பார்கள். ஆகவே கம்பியின் நிறத்தை நம்பாமல், பேட்டரியில் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பாருங்கள்.

மின்னேற்றம் இல்லையென்றால்

1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே டைனமோவின் அடிப்படை. காந்தப் புலத்தில் சுருள் வேகமாகச் சுழன்றால் அதிக வோல்ட். மெதுவாகச் சுழன்றால் குறைவு. அதனால் பழைய டைனமோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய எதையும் ஏற்றாது. இது பழுதல்ல. நடுத்தர வேகத்திலும் ஏறவில்லை என்றால் எளியதிலிருந்து தொடங்குங்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு கம்பி இணைப்புகள், அடுத்து டைனமோவின் கரித் துண்டுகள், கடைசியாக ரெகுலேட்டர். பின் இரண்டையும் பட்டறைக்காரரிடம் விட்டுவிடலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் பேட்டரிகள், ஒரு பொம்மை மோட்டார், துருப்பிடித்த கிளிப் ஒன்று ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். கிளிப்பின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்து, மோட்டார் சுழலும்போது ஒருமுறையும், அதன் தண்டை இரண்டு நொடி விரலால் பிடித்து நிறுத்தி ஒருமுறையும் அளவிடுங்கள். எப்போது இழப்பு அதிகம்? ஏன்?

சிந்திக்க

1. முன்விளக்கு நன்றாக எரிந்தால் பேட்டரி முனைகள் சுத்தம் என்று சொல்லலாமா?

2. நேர்முனை உடலோடு இணைந்த வண்டியில் எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்?

3. ஓய்வில் 12.6, நடுத்தர வேகத்தில் 12.3 வோல்ட். புதுப் பேட்டரி வாங்குவது இந்த வண்டிக்கு உதவுமா?