கடலை அளக்கும் உயர்கல்வி

ரப்பர்ப் பாலில் எத்துணை ரப்பர் உண்டென மிதவைக் கருவியால் அளப்பதை நம் தோட்டத்துப் பெரியோர் அறிவர். கடலாய்வும் அளத்தலிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. உப்பு மிகுந்தால் நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதைக் கொண்டே கருவிகள் ஆழந்தோறும் உப்பின் அளவைக் கணிக்கின்றன.

கோலத் திரெங்கானுவில் 1979இல் மீன்வள, கடலறிவியல் மையமாகத் தொடங்கியதே 2007இல் மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் ஆயிற்று. இளங்கலைப் பட்டம் பெற்றோர் அங்கே கடலறிவியலிலும் கடல்சார் தொழில்நுட்பத்திலும் முதுகலை, முனைவர் ஆய்வுகளை மேற்கொள்ளலாம். மாணவர் தாமே ஒரு வினாவை எழுப்பி, அளந்து, விடை காணல் வேண்டும்.

மருத்துவமும் சட்டமும் மட்டுமே உயர்கல்வி என நாம் எண்ணலாகாது. நம் நாட்டின் கடற்பரப்பு நிலப்பரப்பினும் பெரிது. அறிவியல் பயிலும் பிள்ளை கடலை நாடினால், தடை சொல்லாது ஊக்குவிப்போமாக.