கட்டை கட்டிய வேடம்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை முதலிய வடமாவட்டங்களில் இரவெல்லாம் நிகழும் தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயருண்டு. ஓர் இசைநாடகம் தன் பெயரை அணிகலனிலிருந்து பெற்றிருப்பது அரிது. அரசரும் வீரருமாக வேடம் புனைவோர் அணியும் மர அணிகளே கட்டைகள். தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம் என அவை அமையும்.

இவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவர். வீடு கட்ட உதவாத மென்மரம் அது. கூத்தருக்கோ அந்த மென்மையே தேவை. பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடினாலும், பாட்டை எடுப்பவர் வேடம் புனைந்தவரே. அவரே வசனம் பேசுகிறார். அவரே சுழன்றும் ஆடுகிறார். இரவு 10 மணியளவில் தொடங்கும் கூத்து விடியும்வரை நீள்கிறது. கனத்த மரத்தை மார்பில் கட்டினால் பாட்டுக்கு மூச்சு மிஞ்சாது.

கட்டையின்மேல் வண்ணத்தாள்களும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டப்படுகின்றன. பகலில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு இவ்வேலைப்பாடு சற்றுக் கரடாகவே தோன்றும். ஆயின், அது பகலுக்காகச் செய்யப்பட்டதன்று. மின்விளக்கு வருவதற்குமுன் கூத்துக்களத்தில் எரிந்தவை தீப்பந்தமும் எண்ணெய் விளக்குமே. அலையும் சுடரை ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு கோணத்தில் வாங்கித் திருப்பும். ஆடுபவர் ஓரடி பெயர்த்தாலும் மேனியெங்கும் ஒளி ஓடும். இன்றைய குழல்விளக்கின் அசையாத வெளிச்சத்தில் அந்த ஓட்டம் பெருமளவு குன்றிவிட்டது.

புஜக்கட்டை தோளின் எல்லையை அகற்றுகிறது. இடையில் துணி சுற்றி விரித்த பாவாடை உடலைப் பெருக்குகிறது. பகலில் ஏர் பிடித்தவர் இரவில் ஆளுயரம் கடந்த துரியோதனனாகிறார். அவர் முகத்தில் சிவப்பு அரிதாரம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று அவர் பாடத் தொடங்குவார். அவைக்கு முதலில் எட்டுவது குரல். திரை விலகிய பின்னரே முழு வேடமும் வெளிப்படும்.

பெண் வேடத்திற்குக் கட்டை இல்லை. மரபாக ஆண்களே பெண் வேடமும் ஏற்றனர். துகிலுரிதல் கூத்தில், கண்ணாடி மின்னும் கட்டைகளோடு துரியோதனனும் துச்சாதனனும் களத்தை நிறைக்க, அவர்கள் நடுவே விரித்த கூந்தலோடு ஒற்றைச் சேலையில் நிற்கிறாள் திரௌபதி. வழக்கு இன்னும் தொடங்கவில்லை. அவையில் யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பதை வேடங்கள் முன்னரே காட்டிவிடுகின்றன. பிறகு அவள் பாடத் தொடங்குகிறாள்.